தென்னை நிழலில் எதை நடுவது?

தென்னந்தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, மரங்களுக்கு இடையே கிடக்கும் வெற்றிடம் எப்போதும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி விட்டு நட்டால் ஒரு ஏக்கரில் சுமார் 70 மரங்கள் நிற்கும். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்தாலும், 70 பாத்திகளும் சேர்ந்து 18 சென்ட் அளவே ஆகும். மீதி 82 சென்ட் நிலத்தில் களைதான் மண்டுகிறது. அந்த இடத்தில் ஊடுபயிர் செய்தால் தேங்காய் விலை இறங்கும் ஆண்டிலும் குடும்பம் தாக்குப்பிடிக்கும்.

இந்த எண்ணம் சரியானதே. ஆனால் பயிரைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு எதற்கு நல்ல விலை கிடைத்தது என்று பார்க்கிறார்கள். பக்கத்துத் தோப்பில் எது விளைந்தது என்று பார்க்கிறார்கள். தம்முடைய தோப்பின் தரையில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்துத் தோப்பு 40 வயதுத் தோப்பாக இருக்கும். தம்முடையது 12 வயதுத் தோப்பாக இருக்கும். அங்கே விளைந்த மஞ்சள் இங்கே தழைத்து நிற்குமே தவிர, கிழங்கு விடாது. விதைக்கும், கூலிக்கும், உரத்துக்கும் போட்ட பணம் நிழலோடு போய்விடும்.

இந்தச் செய்தி தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்ட விவசாயிகளுக்கு இப்போது மிகவும் தேவையானது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கரை கடந்த கஜா புயலில் இப்பகுதியில் இலட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. அதன் பிறகு 2019, 2020ஆம் ஆண்டுகளில் நட்ட கன்றுகளுக்கிடையே நிலக்கடலையும் உளுந்தும் காய்கறியும் விளைவித்துப் பலர் குடும்பத்தை நடத்தி வந்திருக்கிறார்கள். அந்தக் கன்றுகள் இப்போது மட்டை விரிந்து, தரையை மூடும் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. இதுவரை விளைந்தது இனியும் விளையும் என்று நம்பிக் கடன் வாங்கி விதைப்பதற்கு முன், நிழலைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

நிழல் பயிரை என்ன செய்கிறது?

பயிருக்குச் சமையல் நடக்கும் இடம் இலை. அடுப்பு எரிய விறகு வேண்டும்; இலையில் உணவு தயாராக வெயில் வேண்டும். வெயில் குறைந்தால் தயாராகும் உணவும் குறைகிறது. அந்தக் குறைந்த உணவைப் பயிர் முதலில் எதற்குச் செலவழிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுகிறது. இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் ஆக்குகிறது. பூவுக்கும், காய்க்கும், கிழங்குக்கும் மிஞ்சுவது கொஞ்சமே. ஆகவே நிழலில் நிற்கும் பயிர் பார்வைக்குப் பசுமையாகவும் உயரமாகவும் இருக்கும். அறுவடையில்தான் உண்மை தெரியும்.

எல்லாப் பயிர்களும் இதில் ஒன்றுபோல் இல்லை. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, சோளம் ஆகியவை முழு வெயிலை முழுதும் பயன்படுத்திக்கொள்ளும் பயிர்கள். வெயில் குறையக் குறைய அவற்றின் விளைச்சலும் அதே வேகத்தில் குறையும். எள், பருத்தி, மல்லிகை முதலியவற்றுக்கும் நிழல் ஆகாது. மல்லிகைச் செடி நிழலில் கொடியாக ஓடுமே தவிர, மொட்டு வைக்காது. மாறாக மிளகு, கோகோ, இஞ்சி, மஞ்சள், சேனை முதலியவை காட்டு மரங்களின் கீழும் காட்டோரங்களிலும் வளர்ந்த குலத்தைச் சேர்ந்தவை. பெரிய மரங்களுக்கு இடையே சிதறி விழும் வெளிச்சத்திலேயே அவை பிழைத்துக்கொள்ளும். இவற்றில் சிலவற்றுக்கு நடுப்பகலின் கடும் வெயில்தான் கெடுதல், இலை கருகிவிடும்.

நம் நாட்டு விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. வெற்றிலைக் கொடிக்கால் போடுபவர்கள் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பிறகே கொடியை நடுகிறார்கள். நிழல் மிஞ்சினால் அகத்தியைக் கழித்து வெளிச்சம் விடுகிறார்கள். பயிருக்கு ஏற்ற நிழலை உண்டாக்கிக்கொள்ளும் முறை அது. தென்னையில் நிழலை நாம் விரும்பியபடி மாற்ற முடியாது. ஆகவே நிழலுக்கு ஏற்ற பயிரைத் தேட வேண்டியிருக்கிறது.

தோப்பின் மூன்று பருவங்கள்

தென்னையின் நிழல் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1970களிலேயே இதை ஆராய்ந்து, தென்னை, மிளகு, கோகோ, அன்னாசி என்று பல அடுக்குகளாகப் பயிரிடும் முறையை வகுத்துத் தந்தார்கள். அவர்கள் கண்டபடி தோப்பின் வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம்.

முதற் பருவம், நட்டதிலிருந்து 7 அல்லது 8 ஆண்டுகள் வரை. கன்றின் மட்டைகள் சிறியவை. இடைவெளியில் நல்ல வெயில் விழும்.

இரண்டாம் பருவம், 8 வயதிலிருந்து 20, 25 வயது வரை. மட்டைகள் முழு நீளத்துக்கு விரிந்துவிடும். ஆனால் மரம் இன்னும் உயரவில்லை. பக்கத்து மரங்களின் மட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூரைபோல் மூடிக்கொள்ளும். தரையில் விழும் வெளிச்சம் வெட்டவெளியில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். ஊடுபயிரில் பெரும்பாலோர் பணத்தை இழப்பது இந்தப் பருவத்தில்தான்.

மூன்றாம் பருவம், 25 வயதுக்கு மேல். மரம் உயர உயர, காலையிலும் மாலையிலும் சாய்வான வெயில் மரங்களுக்கு இடையே உள்ளே நுழையும். கொண்டையும் சற்றுச் சிறுக்கும். வெளிச்சம் ஆண்டுதோறும் கூடி, 40 வயதில் பாதிக்கு மேல் தரைக்கு வந்து சேரும்.

வயதுக் கணக்கு ஒரு வழிகாட்டிதான். 25 அடிக்குப் பதில் 20 அடியில் நெருக்கி நட்ட தோப்பில் நிழல் முன்னதாகவே மூடும். பின்னால் விலகுவதும் தாமதமாகும். மரம் விழுந்து இடைவெளி ஏற்பட்ட தோப்பில் 15 வயதிலும் நல்ல வெளிச்சம் இருக்கும். குட்டை இரகங்களில் கொண்டை தரையை ஒட்டியே நிற்பதால் சாய்வான வெயில் நுழைய வழி குறைவு. ஆகவே வயதைக் கேட்டுக்கொண்டு, வெளிச்சத்தைத் தாமே அளந்தும் பார்க்க வேண்டும்.

கயிற்றைக் கொண்டு வெளிச்சத்தை அளக்கலாம்

இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. 20 அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் ஒரு கயிறு போதும். அதில் ஓர் அடிக்கு ஒன்றாக 20 இடங்களில் வெள்ளைத் துணித் துண்டுகளை முடிந்துகொள்ள வேண்டும். மேகம் இல்லாத ஒரு நாளில், நான்கு மரங்களுக்கு நடுவே உள்ள சதுரத்தில், ஒரு மரத்திலிருந்து எதிர்மூலை மரத்தை நோக்கிக் குறுக்காகக் கயிற்றைத் தரையில் போட வேண்டும். வட்டப்பாத்திகளை விட்டு நடுவில் போட்டால் கயிறு சரியாகப் பொருந்தும். எத்தனை துணிகளின் மேல் நேர் வெயில் விழுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். தோப்பில் இப்படி ஐந்து இடங்களில் போட்டால் மொத்தம் 100 துணிகள். அவற்றில் 35 துணிகளின் மேல் வெயில் விழுந்தால், அந்த நேரத்தில் தரைக்கு வரும் வெயில் ஏறக்குறைய நூற்றுக்கு 35 பங்கு என்று கொள்ளலாம்.

காலை 10 மணி, நண்பகல் 12 மணி, பிற்பகல் 2 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் எண்ணி, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். தோப்பின் ஓரத்தில் மட்டும் அளந்தால் கணக்குத் தவறிவிடும். ஓர வரிசைகளுக்குப் பக்கவாட்டிலிருந்து வெயில் கூடுதலாகக் கிடைக்கும். நடுத் தோப்பிலும் அளந்து, ஓரத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் அளந்தோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் சித்திரையை ஒட்டியும் ஆவணியிலும் சூரியன் உச்சிக்கு நேராக வருகிறது. மார்கழி, தை மாதங்களில் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே நீளும். பயிர் நிலத்தில் நிற்கப் போகும் மாதங்களை எண்ணிப் பார்த்து, இயன்றால் ஆண்டில் இரண்டு முறை அளப்பது சிறந்தது.

இந்தக் கணக்கு கறாரானது அல்ல. ஆயினும், எந்தப் பயிருக்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்று முடிவு செய்ய இது போதும்.

நூற்றுக்கு 70க்கு மேல் வெயில் இருந்தால்

இது இளந்தோப்பு. நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு, வெண்டை, கத்தரி, மிளகாய், மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம். மண்ணுக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் நெல்லும் கரும்பும் இளந்தோப்பில் வேண்டாம். நெல்லுக்குத் தேங்கும் நீர் கன்றின் வேருக்கு ஆகாது. உயர்ந்து வளரும் கரும்பு கன்றையே மூடிவிடும்.

இப்பருவத்தில் உள்ளவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கயிற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு 60, 50 என்று இறங்கத் தொடங்கினால் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் முதலில் நிறுத்திவிட வேண்டும். நிழலில் மரவள்ளியின் தண்டு நெடிதுயரும். கிழங்கு பிடிப்பது தாமதமாகும். சர்க்கரைவள்ளிக் கொடி பாத்தியை மூடி ஓடும். அடியில் தோண்டினால் வேர்தான் இருக்கும்.

40 முதல் 70 வரை இருந்தால்

முதிர்ந்த தோப்புகள் இந்த அளவில் இருக்கும். தேர்ந்தெடுக்க நிறையப் பயிர்கள் உள்ள நிலை இது.

மஞ்சள்: வைகாசி, ஆனி மாதங்களில் நடுவதற்கு ஏற்றது. ஒன்றரை அடிக்குப் பார் பிடித்து, அரை அடிக்கு ஒரு விதைக்கிழங்கு வைக்கலாம். இலை மஞ்சளாகிக் காயும்போது, சுமார் 9 மாதத்தில் வெட்டலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆகவே வடிகால் இன்றியமையாதது.

சேனைக்கிழங்கு: சில மாவட்டங்களில் இதையே கருணைக்கிழங்கு என்பார்கள். சிறு விவசாயிக்கு மிகவும் தோதான பயிர் இது. 3 அடிக்கு 3 அடியில் குழி எடுத்து, தொழு உரம் இட்டு, அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எடையுள்ள துண்டுகளை நட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பகுதி இருக்க வேண்டும். துண்டுகளைச் சாணிக் கரைசலில் நனைத்து, நிழலில் உலர்த்தி நடுவது வழக்கம். காரல் இல்லாத கஜேந்திரா இரகம் சந்தையில் நன்கு விற்கிறது. 8, 9 மாதத்தில் அறுவடைக்கு வரும். விலை குறைந்திருந்தால் சில வாரங்கள் மண்ணிலேயே விட்டு வைக்கலாம் என்பது இதில் உள்ள பெரிய வசதி.

இஞ்சி: நூற்றுக்கு 25 பங்கு நிழலை விரும்பும் பயிர். காற்றில் ஈரம் உள்ள கன்னியாகுமரி, பொள்ளாச்சி, மலையடிவாரப் பகுதிகளுக்கு ஏற்றது. வறண்ட காற்று வீசும் சமவெளியில் இதை நம்ப வேண்டாம். கிழங்கு அழுகல் கண்ட நிலத்தில் மறுபடியும் இஞ்சி போடக் கூடாது.

வாழை: பூவன், மொந்தன் இரகங்கள் தென்னை நிழலைத் தாங்கும். தார் தள்ளுவது திறந்த வெளியைவிடச் சற்றுத் தாமதமாகும். தஞ்சை வாடல் நோய் உள்ள பகுதிகளில், தண்ணீர் வசதி இருந்தால் தோப்பில் வாழையை ஊடுபயிராகச் செய்ய வேண்டும் என்பதே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வருமானத்தோடு நோய்த் தடுப்பும் சேர்ந்து கிடைக்கிறது.

அன்னாசி, சேம்பு, கனகாம்பரம் ஆகியவையும் இந்த அளவு வெளிச்சத்தில் வரும். பாதிக்கு மேல் வெயில் இருந்தால் நிலக்கடலையும் வெண்டையும்கூடப் போடலாம். ஆனால் வெட்டவெளியில் எடுக்கும் விளைச்சலை எதிர்பார்த்துச் செலவு செய்யக் கூடாது.

மிளகு: இது மரத்தின் மீதே ஏறுவதால் தரையில் இடம் கேட்பதில்லை. மரத்தின் வடக்குப் பக்கத்தில், அடியிலிருந்து சுமார் 3 அடி தள்ளி, வேர்விட்ட நாற்றை மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். தெற்கில் நட்டால் மார்கழி, தை மாதச் சாய்வான வெயில் இளங்கொடியைச் சுடும். ஒரே பயிரில்கூட இரகத்துக்கு இரகம் நிழல் தாங்கும் தன்மை மாறும் என்பதற்கு மிளகு நல்ல எடுத்துக்காட்டு. பன்னியூர்-1 ஒட்டு இரகம் வெளிச்சம் உள்ள இடத்தில் சரம் சரமாகக் காய்க்கும். நிழல் அடர்ந்த இடத்தில் ஏமாற்றிவிடும். அங்கே பன்னியூர்-5, கரிமுண்டா ஆகியவைதான் ஏற்றவை. நாற்று வாங்கும்போது இரகத்தின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். கொடியை 15, 20 அடிக்கு மேல் ஏறவிட்டால் தேங்காய் பறிப்பவருக்கும் மிளகு பறிப்பவருக்கும் தொல்லை.

கோகோ: இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே ஒரே வரிசையாக, 10 அடிக்கு ஒரு கன்று நடலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து காய்க்கத் தொடங்கும். கோடையில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஆண்டுதோறும் கவாத்து செய்து, ஒரே அடுக்காக நிறுத்த வேண்டும். அணிலும் எலியும் காயைக் கடித்துச் சேதப்படுத்தும். ஈரக் கொட்டையை எடுத்துக்கொள்ளும் வியாபாரி அந்தப் பகுதிக்கு வருகிறாரா என்று உறுதி செய்துகொண்ட பிறகே நட வேண்டும்.

20 முதல் 40 வரை இருந்தால்

இரண்டாம் பருவத் தோப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் நிற்கும். இந்த நிழலில் காயையும் கனியையும் எதிர்பார்க்காமல், இலையையும் தழையையும் எதிர்பார்க்க வேண்டும். நிழலில் பயிர் உண்டாக்கும் இலையே நமக்கு வேண்டிய பொருளாக இருந்துவிட்டால் நட்டம் இல்லை.

இரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கினியா புல் ஏற்றது. தீவனப் புற்களில் நிழலை நன்கு தாங்குவது இதுதான். கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லையும் தோப்பில் போடலாம் என்றாலும் அதற்கு வெயில் கூடுதலாக வேண்டும். கினியா புல்லின் வேர்க்கரணைகளை ஒன்றரை அடி முதல் ஒன்றே முக்கால் அடி இடைவெளியுள்ள வரிசைகளில், ஓர் அடிக்கு ஒன்றாக நட்டால், முதல் அறுப்பு சுமார் 45 நாட்களில் வரும். அதன் பிறகு 45 நாளைக்கு ஒருமுறை அறுக்கலாம். புல்லை அறுத்துக்கொண்டே இருந்தால் மண்ணின் சத்தும் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், மாட்டுச் சாணம் முழுவதும் தோப்புக்கே திரும்ப வேண்டும். புல் வட்டப்பாத்திக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

மாடு இல்லாதவர்கள் பசுந்தாள் உரப் பயிர்களை விதைக்கலாம். கொழுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு, கலப்பகோனியம் ஆகியவற்றில் மண்ணுக்கு ஏற்றதை வட்டப்பாத்தியிலோ இடைவெளியிலோ விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதால் தென்னைக்குத் தழைச்சத்து கிடைக்கும். இந்த இலாபம் கையில் காசாக வராது; உரச் செலவு குறைவதிலும் தேங்காய்க் காய்ப்பிலும் தெரியும். ஈரப்பதம் உள்ள பகுதிகளில் கூவைக்கிழங்கையும், நிழல் தாங்கும் மிளகு இரகங்களையும் சிறிதளவில் நட்டுப் பார்க்கலாம்.

20க்கும் குறைவாக இருந்தால்

இந்த நிலையில் விற்பனைக்கு எந்தப் பயிரும் வேண்டாம். விழும் மட்டைகளையும் தேங்காய் மட்டைகளையும் மரத்தடியில் மூடாக்காகப் போட்டு, மண்ணின் ஈரத்தைக் காப்பதே அந்த ஆண்டுகளில் செய்யத்தக்கது. போடாமல் விட்ட பணமும் வருமானம்தான்.

சிலர் வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பச்சை மட்டைகளை வெட்டிவிடுகிறார்கள். இது பெருந்தவறு. தென்னையில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வருகிறது. பச்சை மட்டையை வெட்டினால் அந்தக் குலையைத் தாங்கும் இலையும், அதற்கு உணவு தரும் அடுப்பும் சேர்ந்தே போகின்றன. ஊடுபயிரில் வரும் ஆதாயம் தேங்காயில் போய்விடும். முதிர்ந்து காய்ந்த மட்டைகளை மட்டுமே எடுக்க வேண்டும்.

வேருக்கும் பங்கு கொடுக்க வேண்டும்

நிழலை மட்டும் பார்த்தால் போதாது. தென்னையின் வேலை செய்யும் வேர்களில் பெரும்பகுதி, அடிமரத்தைச் சுற்றி 6 அடி முதல் 6½ அடி ஆரத்துக்குள்ளேயே இருக்கின்றன. அந்த வட்டத்துக்குள் ஊடுபயிர் நடக் கூடாது. ஆழமாக வெட்டவும் கூடாது. அதற்கு வெளியே உள்ள மண்ணைத் தென்னை குறைவாகவே பயன்படுத்துகிறது. ஊடுபயிருக்கு உரிய இடம் அதுதான்.

இருவருக்கும் சேர்த்து ஒரே உரம் என்பது நடவாது. 5 வயதுக்கு மேற்பட்ட தென்னைக்கு ஆண்டொன்றுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்று பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. இரசாயன உரங்களை ஆனி, ஆடியிலும் மார்கழி, தையிலும் இரண்டு சம பங்காக இட வேண்டும். ஊடுபயிருக்கு உரியதை அதற்குத் தனியாகத் தர வேண்டும். தென்னையின் பங்கைக் குறைத்து ஊடுபயிருக்குப் போட்டால் அடுத்த ஆண்டே குரும்பை உதிர்ந்து கணக்குச் சொல்லிவிடும். நிழலில் உள்ள பயிருக்குத் தழைச்சத்தைக் கூட்டுவதும் பயனில்லை. ஏற்கெனவே நீண்டு நிற்கும் செடி மேலும் நீண்டு சாயும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். நிழலில் மண்ணின் ஈரம் நெடுநேரம் நிற்கும். வெட்டவெளியில் பாய்ச்சும் கணக்கிலேயே பாய்ச்சினால் அழுகல் நோய்களை விருந்துக்கு அழைத்ததாகும். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்து, தேவை அறிந்து பாய்ச்ச வேண்டும். தண்ணீருக்கே தட்டுப்பாடு உள்ள தோப்பில் ஊடுபயிரே வேண்டாம். கோடையில் இரண்டும் வாடினால் முதலில் இழப்பது பல்லாண்டு வளர்த்த மரத்தின் காய்ப்பைத்தான்.

விலையை மட்டும் நம்பினால்

வெனிலாவுக்கு 2003ஆம் ஆண்டை ஒட்டிப் பெரும் விலை கிடைத்தது. அதைக் கண்டு கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பலர் தோப்புகளில் வெனிலாக் கொடியை நட்டார்கள். ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டிய பயிர் அது. கொடி காய்ப்புக்கு வருவதற்குள் விலை சரிந்துவிட்டது. கோகோ விலையும் 2024ஆம் ஆண்டு உலகச் சந்தையில் என்றும் இல்லாத உயரத்துக்குப் போய், 2025ஆம் ஆண்டு இறங்கியது. பல ஆண்டுப் பயிரை ஓர் ஆண்டு விலையைப் பார்த்து நடக் கூடாது என்பதற்கு இவை சான்று. சிறு விவசாயிகள் முதலில் மஞ்சள், சேனை, வாழை போன்ற குறுகிய காலப் பயிர்களில் கை பழகி, அதன் பிறகு மிளகு, கோகோ போன்றவற்றுக்குச் செல்வதே பாதுகாப்பு.

வீட்டுக் கொல்லைக்கும் இதே கணக்கு

தோப்பு இல்லாதவர்களுக்கும் வீட்டின் பின்னால் நிழல் விழும் ஓர் இடம் இருக்கும். அங்கேயும் இதே முறையில் வெளிச்சத்தைப் பார்த்து நடலாம். வீட்டின் கிழக்குப் பக்கத்தில் காலை இளவெயிலும் மாலை நிழலும் கிடைக்கும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, கற்பூரவல்லி ஆகியவற்றுக்கு இது நல்ல இடம். மேற்குப் பக்கம் பிற்பகலின் கடும் வெயில் படும் இடம். கத்தரி, மிளகாய் போன்ற வெயில் தாங்கும் செடிகளுக்கு அதை விடலாம். வடக்குப் பக்கம் மார்கழி, தையில் முழு நிழலாக இருக்கும். வைகாசி, ஆனியில் மட்டும் சிறிது வெயில் காணும். அங்கே சேம்பும் வல்லாரையும் பொருந்தும். குளியல் நீர் வடியும் இடத்தில் சேம்பும் வாழையும் செழிக்கும்.

புளிய மரத்தடியை மட்டும் விட்டுவிடலாம். அடர்ந்த நிழலோடு மரத்தின் வேரும் போட்டியிடுவதால் அங்கே எதை நட்டாலும் உழைப்பு வீண்தான்.

முதலில் 5 சென்ட்

எவ்வளவு கணக்குப் பார்த்தாலும் ஒவ்வொரு தோப்பின் மண்ணும் நீரும் வேறு. ஆகவே புதிய ஊடுபயிரை முதல் ஆண்டில் 5 சென்டுக்கு மேல் செய்யாமல் இருப்பது நலம். நடுத் தோப்பில் ஒரு பாத்தியும், ஓரத்தில் ஒரு பாத்தியும் போட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும். நட்ட 60 நாளில் செடி பல கதை சொல்லும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை அகன்று வெளிறி, செடி வெளிச்சம் உள்ள பக்கம் சாய்ந்தால், அந்த இடத்தில் அந்தப் பயிருக்கு வெயில் போதவில்லை. இலை ஓரம் கருகிச் சுருண்டால் வெயில் மிஞ்சிவிட்டது. இரண்டும் இல்லாமல் செடி குட்டையாக, திடமாக நின்றால் இடம் பொருந்தியிருக்கிறது.

அறுவடையின்போது இரண்டு பாத்திகளின் விளைச்சலையும் தனித்தனியே நிறுத்து, செலவைக் கழித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டுத் தேங்காய் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஊடுபயிரில் வரவு கூடி, தேங்காயும் குறையாமல் இருந்தால் அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டலாம். தேங்காய் குறைந்திருந்தால், உரத்திலா நீரிலா குறை என்று அறிந்து திருத்திய பிறகே மேலே செல்ல வேண்டும்.

இரகத் தேர்வு, தரமான நாற்று, விதைக்கிழங்கு ஆகியவற்றுக்கு அருகில் உள்ள தோட்டக்கலைத் துறை அலுவலரையோ, ஆழியாறு நகர், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையங்களையோ அணுகலாம். அங்கே போகும்போது தோப்பின் வயதோடு, கயிற்றைப் போட்டு எண்ணிய கணக்கையும் எழுதி எடுத்துச் சென்றால், அந்தத் தோப்புக்கே பொருந்தும் ஆலோசனையைப் பெற்று வரலாம்.